ஈரக் கழிவு

சோலூர்மட்டத்துக்குக் கீழே, இலைக் கொட்டகையில்
அவனை மடக்கியபோது மணி இரண்டேகால்.
மஞ்சு இறங்கி, வாசல் விளக்கு
ஊறவைத்த கடலைபோல உப்பியிருந்தது.

என் உடுப்பைப் பற்றிக் கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன்:
கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்கு,
கம்பூட்ஸ், முகத்துக்குக் குரங்குக் குல்லா.
பறக்கத் தெரியாது. தூக்கத் தெரியும்.
ஓர் ஐப்பசி மழையில் உருண்டுவந்த பாறையை
லைன் வீடுகளுக்கு மேலே முதுகு கொடுத்து நிறுத்தினேன்,
விடியும்வரை. அதிலிருந்து
மலை மின்னல் என்கிறார்கள்.
மின்னலுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஞானதுரை, இலை ஏஜெண்ட்.
மூட்டைக்கு இரண்டு கிலோ ஈரக் கழிவு என்று
பங்குனி வெயிலிலும் எழுதியவன்.
கணக்குக் கேட்கப் போன காத்தாயி மகன்
பள்ளத்தில் கிடந்தான்.
அதற்குச் சாட்சி இல்லை.

காலரைப் பிடித்தேன். கையில் காலர் மட்டும் இருந்தது.
ஈரச் சுவரில் காரை பெயர்வதுபோல
சத்தமில்லாமல் ஆள் பிரிந்துவிட்டான்.

ஒருவன் சிரித்தான். ஒருவன் அழுதான், மூக்கு ஒழுக.
ஒருவன் கவாத்துக் கத்தியோடு என்னைச் சுற்றினான்.
ஒருவன் சட்டம் பேசினான்:
"எந்த ஞானதுரை மேல கேஸு? அடையாளம் சொல்லுங்க."
இன்னொருவன் பிளாஸ்க்கைத் திறந்து,
"அக்கா, குளிருது பாருங்க, டீ குடிங்க."

கை ஓங்கினால் அழுகிறவன் முன்னால் வருகிறான்.
பாறை கெஞ்சாது. பாறையோடு சண்டை சுலபம்.
கத்தி என் படங்கைக் கிழித்தபோது
"பாத்துப்பா, அக்காவுக்குப் பட்டுடும்" என்றான்
டீ வைத்திருந்தவன்.

கத்திக்காரனைத் தூக்கினேன், எறிவதற்குத்தான்.
தூக்கிய கை திகைத்தது.
இலைக்கூடைக் கனம்கூட இல்லை.

போன மாதம் புதுத் தராசு வந்தபோது
முதலில் ஏறி நின்று காட்டியவன் இவன்தான்:
எண்பத்திரண்டு. "பாத்துக்குங்க, நேர்மையான தராசு."

ஒவ்வொருவனாக ஏற்றினேன்.
சட்டம் பேசினவன் பத்தொன்பது.
சிரித்தவன் பதினாலரை. கத்தி பதினேழு.
அழுதவன் பதினாறு. டீக்காரன் ஒன்பதே ஒன்பது.
விரல் விட்டுக் கூட்டினேன். எழுபத்தைந்தரை.
ஆறரை கிலோ எங்கே?

"அழுதவன் ஈரம். கழிவு போட்டிருப்பீங்க," என்றான் சட்டம்.
சிரிக்கிறவன் மட்டும்
அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினான்.

கொட்டகைக் கோடியில் பச்சை இலைக் குவியல்.
கை விட்டேன். உள்ளே சூடு.
இன்னும் துழாவினேன், ஒரு கணுக்கால்.
மீசையில்லாத, மடியில் வைக்கிற அளவு ஞானதுரை,
கண் கூசியபடி
எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

"ராசாத்தி, இருபத்து மூணு. எழுதினது இருபத்தொண்ணு.
காத்தாயி, பதினெட்டு. எழுதினது பதினாறு.
செபமாலை, முப்பது..."

இருபத்திரண்டு வருஷம், நாள் தவறாமல்.
மற்ற ஐந்துபேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.
கத்தி தானாகக் கீழே விழுந்தது.
நான் குல்லாவைக் கழற்றிவிட்டு
மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டேன். அவன் நிறுத்தவில்லை.
காத்தாயி மகன் பெயர் வந்தபோது
எடை சொல்லாமல் பள்ளத்தின் ஆழம் சொன்னான்.

அப்புறம்,
"யோகேஸ்வரி. ஆறாம் வகுப்பு, அரைப்பரீட்சை லீவு.
எட்டு கிலோ. எழுதினது ஆறு."

பாறைக்கு மடங்காத முழங்கால் இது.

ஆறு பத்து பஸ் ஹாரன் அடித்து வளைவில் திரும்பியது.
கோத்தகிரி ஸ்டேஷனுக்குப் போக வேறு வண்டி கிடையாது.
ஐந்து பேரை இடுக்கிக்கொண்டு, சின்னவனைத் தோளில் வைத்து
படியில் ஏறினேன்.
கண்டக்டர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்,
எச்சில் தொட்டு டிக்கெட்டைப் பிரித்தார்.
"எத்தனை பேரும்மா?"

ஐந்து வாயும் ஒரே நேரத்தில் திறக்க,
தோளிலிருந்தவன் முந்திக்கொண்டான்:
"ஒருத்தன்தான். முழு டிக்கெட்."